நாற்பது இடமும் நாற்பத்தெட்டு ஓட்டும்

டீச்சரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

2024 ஜூன் 4-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் முடிவு வந்தபிறகு எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். தாராவி, சயான், முலுண்டு, ஜோகேஸ்வரி என்று மும்பையின் எல்லா மூலையிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிச் சேர்க்கை, சாதிச் சான்றிதழ் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். ஆசிரியர் என்பதால் தேர்தல் வந்தாலே எலெக்‌ஷன் டியூட்டி வந்துவிடும். வாக்குச்சாவடியில் மை வைத்திருக்கிறேன், எண்ணும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

* * *

கேள்வி: டீச்சர், ஊரில் 40-க்கு 40 ஒரே கூட்டணி ஜெயித்தது. எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தோம். ஆனால் டெல்லியில் மறுபடி அதே பிரதமர்தான். அப்படியென்றால் நம் ஊர் ஜனங்கள் போட்ட ஓட்டுக்கு என்ன பலன்?
(ஒரு இளைஞர், 90 அடி சாலை, தாராவி)

தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 39, புதுச்சேரியில் 1. இதில் தி.மு.க. 22. நாமக்கல்லில் உதயசூரியனில் நின்ற கொங்குநாடு கட்சிக்காரரும் இந்த 22-க்குள் வருகிறார். காங்கிரஸுக்குத் தமிழ்நாட்டில் 9, புதுச்சேரியில் 1. விடுதலைச் சிறுத்தைகள், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் ஆளுக்கு 2. முஸ்லிம் லீகும் ம.தி.மு.க.வும் ஆளுக்கு 1.

இப்போது டெல்லிக்குப் போவோம். மொத்தம் 543 இடம், ஆட்சிக்கு 272 வேண்டும். 2019-இல் பா.ஜ.க. தனியாகவே 303 வைத்திருந்தது. இந்த முறை 240. கூட்டணியோடு சேர்த்துத்தான் 293 வந்தது. அதில் தெலுங்கு தேசத்தின் 16-ஐயும் ஐக்கிய ஜனதா தளத்தின் 12-ஐயும் கழித்துப் பாருங்கள், 265. அதாவது ஆந்திராவும் பீகாரும் கை கொடுக்காவிட்டால் இந்த ஆட்சி நிற்காது. எதிரே இருக்கும் 234-இல் ஆறில் ஒரு பங்கு நம் ஊரிலிருந்து போனது. ஆட்சியைப் பிடிப்பது மட்டும்தான் ஓட்டின் பலன் என்று நினைக்காதீர்கள். ஒரு மசோதா வரும்போது எழுந்து நின்று கேள்வி கேட்க ஆள் வேண்டாமா? அந்த வேலைக்கு நாற்பது பேரை அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் 40-க்கு 40 என்றதும் ஊரே ஒரே பக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் அந்தக் கூட்டணி வாங்கியது நூற்றுக்கு ஏறக்குறைய 47 ஓட்டு. அ.தி.மு.க. அணிக்கு 23, பா.ஜ.க. அணிக்கு 18, நாம் தமிழருக்கு 8. நூற்றில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் வேறு யாருக்கோ போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஓட்டு மூன்றாகப் பிரிந்தது, அதனால் ஓர் இடம்கூட வரவில்லை. 2014-இல் இதுவே தலைகீழாக நடந்தது. அ.தி.மு.க. 44 சதவீதத்துக்குச் சற்று மேலே வாங்கி 37 இடம் பிடித்தது. 23 சதவீதம் வாங்கிய தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. அன்றைக்கும் இதே தாராவியில் பட்டாசு வெடித்தது, வேறு வீட்டுப் பிள்ளைகள் வெடித்தார்கள்.

சரி, இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். திருநெல்வேலியில், தூத்துக்குடியில், தென்காசியில் யார் ஜெயித்தார் என்று எழுதிய நீங்கள், தாராவியின் எம்.பி. யார் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்? தாராவி, தென்மத்திய மும்பைத் தொகுதியில் இருக்கிறது. சயான் கோலிவாடா, வடாலா, மாஹிம், செம்பூர், அணுசக்தி நகர் எல்லாம் அதில்தான். இரண்டாக உடைந்த சிவசேனாவில் உத்தவ் தாக்கரே பக்கம் நின்ற அனில் தேசாய் 53,384 ஓட்டில் ஜெயித்தார். தோற்றவர் பத்து வருஷம் எம்.பி.யாக இருந்த ராகுல் ஷெவாலே. தாராவி சீரமைப்பில் யாருக்கு உள்ளே வீடு, யாரை வெளியே அனுப்புவார்கள் என்று உங்கள் தெருவில் தினமும் பேச்சு நடக்கிறதே, அதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியவர் இவர்தான். தூத்துக்குடி எம்.பி. கேட்க மாட்டார். உங்கள் தெருவிலிருந்து நாலு பேர் போய் அவரைப் பாருங்கள்.

* * *

கேள்வி: எங்கள் தொகுதியில் 48 ஓட்டு வித்தியாசம் என்கிறார்கள். ஒன்பது லட்சம் பேர் போட்ட இடத்தில் 48 எப்படி வரும்? எண்ணுவதில் தப்பு நடந்திருக்குமா? எங்கள் வீட்டில் நான்கு ஓட்டு இருக்கிறது. மே 20 அன்று வரிசையும் வெயிலும் பார்த்துத் திரும்பி வந்துவிட்டோம். மனசு உறுத்துகிறது.
(ஒரு குடும்பத் தலைவி, ஜோகேஸ்வரி கிழக்கு)

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வடமேற்கு மும்பை எண்களை அப்படியே தருகிறேன், ஒரு தாளில் எழுதி வைத்துப் பாருங்கள்.

இயந்திரத்தில் பதிவான ஓட்டு மட்டும்: ஷிண்டே சிவசேனாவின் ரவீந்திர வாய்கருக்கு 4,51,094. உத்தவ் சிவசேனாவின் அமோல் கீர்த்திகருக்கு 4,51,095. ஆமாம், இயந்திரக் கணக்கில் கீர்த்திகர் ஒரே ஒரு ஓட்டு முன்னால் இருந்தார். அப்புறம் தபால் ஓட்டு: வாய்கருக்கு 1,550, கீர்த்திகருக்கு 1,501. இங்கே வாய்கருக்கு 49 அதிகம். அந்த ஒன்றைக் கழித்தால் 48. முடிவில் 4,52,644-க்கு 4,52,596. அந்தத் தொகுதியில் யாரும் வேண்டாம் என்று நோட்டாவை அழுத்தியவர்கள் மட்டும் பதினைந்தாயிரத்துக்கு மேல்.

எண்ணும் இடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். 2009-இல் நான் எண்ணும் உதவியாளராக இருந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கே வரச்சொல்லிவிட்டார்கள். போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. மேசைக்கு அந்தப் பக்கம் கம்பி வலை, வலைக்குப் பின்னால் கட்சிக்காரர்களின் ஏஜென்ட்டுகள். பொதுவாக ஒரு சட்டமன்றப் பகுதிக்கு 14 மேசை. ஒரு மக்களவைத் தொகுதிக்குள் இங்கே ஆறு சட்டமன்றப் பகுதிகள், தமிழ்நாட்டிலும் ஆறுதான். காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டில் தொடங்குவார்கள், அரை மணி கழித்து இயந்திரம். ஓட்டுக் கணக்கு பதிவாகியிருக்கும் கன்ட்ரோல் யூனிட் பெட்டி ஒவ்வொன்றும் வரும்போது சீல் உடையாமல் இருக்கிறதா, வாக்குச்சாவடியில் எழுதிய படிவம் 17சி-யில் இருக்கிற எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். அப்புறம்தான் முடிவு பட்டனை அழுத்துவோம். ஒரு சத்தம், ஒரு எண். மறுபடி சத்தம், அடுத்த வேட்பாளரின் எண். வலைக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேனாக்கள் எழுதிக்கொண்டே போகும்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஒரு இயந்திரத்தில் எனக்கு 6-ஆ 8-ஆ என்று சந்தேகம் வந்துவிட்டது. கண் களைத்துப்போயிருந்தது. வலைக்குப் பின்னாலிருந்த பெரியவர் ஒருவர் மராத்தியில், "பாயி, புன்ஹா தாக்வா" என்றார். அம்மா, மறுபடி காட்டுங்கள் என்கிறார். மேற்பார்வையாளர் பட்டனை மறுபடி அழுத்தினார். 8. எல்லோரும் எழுதிக்கொண்டோம். அந்தப் பெரியவர் எந்தக் கட்சி என்று எனக்கு நினைவில்லை, ஆனால் அவர் அங்கே உட்கார்ந்திருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்று புரிந்தது. எண்ணிக்கையைக் காப்பாற்றுவது அந்தப் பேனாக்கள்தான். அதனால் வித்தியாசம் சிறியது என்பதை மட்டும் வைத்துத் தப்பு நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சந்தேகம் உள்ள வேட்பாளர் எழுத்தில் மறு எண்ணிக்கை கேட்கலாம். முடிவு அறிவித்தபிறகு 45 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், அவற்றை மறுபடி பார்த்துவிட்டுத்தான் அறிவிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

தபால் ஓட்டு என்றால் ராணுவத்தில் இருப்பவர்கள், டியூட்டியில் இருந்த எங்களைப் போன்றவர்கள், 85 வயது தாண்டி வீட்டிலிருந்தே போட்டவர்கள். உறுதிமொழித் தாளில் கையெழுத்தும் சான்றும் இல்லாவிட்டால் அது செல்லாது. என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் ஒருமுறை அந்தத் தாளை வைக்காமலே உறையை ஒட்டிவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் இருந்தார். ஒரு ஓட்டுக்காகவா என்று அப்போது அவரைத் தேற்றினோம். இப்போது 48-ஐப் பார்த்தபிறகு அவர்தான் சரி என்று தோன்றுகிறது.

உங்கள் நான்கு ஓட்டு அந்தத் தொகுதியின் முடிவை மாற்றியிருக்காதுதான். ஆனால் உங்களைப் போல வரிசையைப் பார்த்துத் திரும்பிய வீடு பதின்மூன்று இருந்தால் 52 ஓட்டு. உங்கள் கட்டடத்திலேயே பதின்மூன்று வீடு இருக்கும். அன்றைக்கு வரிசை மெதுவாக நகர்ந்தது உண்மை. நானும் இரண்டரை மணி நேரம் நின்றேன். தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, பெரியவர்களுக்கு நாற்காலி இல்லை. எங்கள் சாவடியில் இருந்த அதிகாரியிடம் போய்ச் சொன்னதற்கு, "நான் என்ன செய்ய" என்று கையை விரித்துவிட்டார். நான் டியூட்டி பார்த்த காலத்தில் கர்ப்பிணிகளையும் வயதானவர்களையும் முன்னால் அனுப்புவோம், குடத்தில் தண்ணீர் வைப்போம். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. அடுத்த முறை காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள் அம்மா.

* * *

கேள்வி: முலுண்டில் எங்கள் பக்கம் எல்லோரும் தாமரை என்றார்கள். ஆனால் தொகுதியில் தோற்றுவிட்டது. பக்கத்து போரிவலியில் மூன்றரை லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறது. ஒரே நகரத்தில் ஏன் இப்படி?
(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், முலுண்டு)

ஒரே நகரம் என்பது வரைபடத்தில்தான் ஐயா. மும்பையின் ஆறு தொகுதியையும் பாருங்கள். போரிவலி இருக்கும் வடக்கில் பா.ஜ.க.வின் பியூஷ் கோயல் 3,57,608 ஓட்டில் ஜெயித்தார். வடமேற்கில் 48. வடமத்தியில் காங்கிரஸின் வர்ஷா கெய்க்வாட், வக்கீல் உஜ்வல் நிகமை 16,514-இல் தோற்கடித்தார். வர்ஷா இருபது வருஷம் தாராவி எம்.எல்.ஏ.வாக இருந்தவர். தெற்கில் அர்விந்த் சாவந்த், தென்மத்தியில் தேசாய், இருவருமே உத்தவ் கட்சி. உங்கள் வடகிழக்கில் சஞ்சய் தினா பாட்டீல் 29,861-இல் ஜெயித்தார். ஆறில் நான்கு, உத்தவ் கட்சியும் காங்கிரஸும் இருக்கும் மகா விகாஸ் அகாடி அணிக்கு.

உங்கள் முலுண்டில் பா.ஜ.க.வின் மிஹிர் கோடேச்சாவுக்குப் பெரிய முன்னிலைதான், நீங்கள் கேட்டது தப்பில்லை. ஆனால் அதே தொகுதியில்தான் மான்குர்த்-சிவாஜி நகரும் இருக்கிறது. தேவ்னார் குப்பைமேட்டின் ஓரம், பத்துக்குப் பத்து வீடுகள். அங்கே அவருக்கு எதிராக விழுந்த ஓட்டு முலுண்டின் முன்னிலையை விழுங்கிவிட்டது. போரிவலிப் பக்கம் அப்படி எதிர்த் தட்டில் வைக்க ஒரு பகுதி பெரிதாக இல்லை. நம்மைச் சுற்றி இருக்கும் பத்து வீடு சொல்வதைத் தொகுதியின் குரல் என்று நினைத்துவிடுகிறோம். நானும் நினைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சேர்ந்தது. 2022-இல் சிவசேனா உடைந்தது, அடுத்த வருஷம் தேசியவாத காங்கிரஸ் உடைந்தது. வில் அம்பு ஷிண்டேயிடம் போயிற்று, உத்தவ் தீப்பந்தத்தோடு வந்தார். மும்பையில் மூன்று தொகுதியில் சேனாவும் சேனாவும் நேருக்கு நேர். நகரத்துப் பழைய சேனாக்காரர்கள் பலர் உத்தவோடு நின்றார்கள், முஸ்லிம்களும் தலித்துகளும் பெரிய அளவில் இந்த முறை அந்தப் பக்கம் சேர்ந்தார்கள். மாநிலம் முழுக்க 48-இல் அகாடிக்கு 30, பா.ஜ.க.வும் ஷிண்டேயும் இருக்கும் மகாயுதிக்கு 17, சாங்கிலியில் ஒரு சுயேச்சை. ஆனால் இரண்டு அணியும் வாங்கிய ஓட்டுக்கு நடுவில் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. சட்டமன்றத் தேர்தல் அதே 2024 நவம்பரில் வந்தது. 30-17-ஐ வைத்து அதை யாரும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது.

* * *

கேள்வி: எனக்கு ஊரில் வோட்டர் லிஸ்டில் பேர் இருக்கிறது, இங்கே ஆன்டாப் ஹில்லிலும் இருக்கிறது. ஏப்ரல் 19 ஊரில், மே 20 இங்கே. ஒரு மாத இடைவெளியில் மை போய்விடும், இரண்டிலும் போடலாம் என்று மச்சான் சொல்கிறார். நான் இந்த முறை போடவில்லை. ஆனால் இரண்டு பேரையும் வைத்திருப்பதில் தப்பு உண்டா? ஊரில் பேரை எடுத்தால் வீட்டு மனை போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார்.
(லாண்டரிக் கடைக்காரர், ஆன்டாப் ஹில்)

தப்புதான் தம்பி, இதில் மென்மையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 17, 18 பிரிவுகள் ஒருவர் பேர் ஒரு தொகுதிக்கு மேல், ஒரே தொகுதியிலும் ஒரு தடவைக்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன. தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுத்தால் 31-ஆம் பிரிவில் ஒரு வருஷம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. உங்கள் மச்சானுக்கு இதையும் சொல்லுங்கள்: 1951-ஆம் வருஷச் சட்டத்தின் 62-ஆம் பிரிவுப்படி ஒரே பொதுத்தேர்தலில் இரண்டு தொகுதியில் போட்டால் இரண்டு ஓட்டும் செல்லாது. இரண்டு போடப் போனவருக்குக் கடைசியில் ஒன்றுமே மிஞ்சாது.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். வாக்காளர் பட்டியலுக்கும் மனைக்கும் சம்பந்தமே இல்லை. மனை பத்திரத்திலும் பட்டாவிலும் இருக்கிறது. தாராவியில் என் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் பெற்றோர் எத்தனையோ பேர் இதே பயத்தில் முப்பது வருஷம் இங்கே வாழ்ந்தும் இங்கே பேர் சேர்க்காமல் இருந்தார்கள். தேர்தல் வந்தால் ஊருக்கு டிக்கெட் கிடைக்காது, இங்கே பேர் கிடையாது. இரண்டு ஊரிலும் அவர்களைக் கேட்க ஆளில்லை. குழாய் உடைந்தால் யாரிடம் போய் நிற்பார்கள்?

செய்ய வேண்டியது இதுதான். எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே பேரை வையுங்கள். இங்கே ஏற்கெனவே இருப்பதால் ஊர்ப் பேரை நீக்கச் சொல்லிப் படிவம் 7 கொடுங்கள். இங்கே பேர் இல்லாமல் ஊரில் மட்டும் உள்ளவர்கள் படிவம் 8 கொடுத்தால் மாற்றிவிடுவார்கள். முதல்முறை சேர்ப்பவர்களுக்குப் படிவம் 6. மூன்றையும் போனிலேயே செய்யலாம். தெரியாவிட்டால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மராத்தியில் பேசுவார்கள் என்று தயங்க வேண்டாம், இந்தியிலும் சொல்வார்கள்.

* * *

கேள்வி: 1977-இல் நாடு முழுக்க இந்திரா தோற்றபோது நம் தெற்கு மட்டும் வேறு மாதிரி ஓட்டுப் போட்டது. அதை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். கூடவே, மும்பையிலிருந்து தமிழர் யாராவது எம்.பி. ஆனதுண்டா?
(எழுபது வயது வாசகர், மாதுங்கா)

எனக்கு அப்போது 24 வயது. பள்ளியில் சேர்ந்து இரண்டாவது வருஷம். எங்கள் சாலில், அதாவது ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் குடியிருப்பில், ஒரே ஒரு வீட்டில்தான் நல்ல ரேடியோ இருந்தது. மார்ச் மாத ராத்திரி, அந்த வீட்டு வாசலில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம். ரேபரேலியில் பிரதமரே ராஜ்நாராயணிடம் 55,202 ஓட்டில் தோற்றார் என்றதும் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 85-க்கு 85, பீகாரில் 54-க்கு 54, டெல்லியில் 7-க்கு 7, ஒன்றுகூட காங்கிரஸுக்கு இல்லை. மும்பையில் ஆறும் போயிற்று. மிருணாள் கோரே, அகல்யா ராங்நேகர், ராம் ஜெத்மலானி எல்லாம் அப்போது இங்கிருந்து போனவர்கள்தான்.

பத்து நாள் கழித்துத் திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா கடிதம் வந்தது. அங்கே கதையே வேறு. அ.தி.மு.க., காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்ட் கூட்டணிக்கு 39-இல் 34. கர்நாடகத்தில் காங்கிரஸுக்கு 28-இல் 26, ஆந்திராவில் 42-இல் 41. அப்பா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் வடக்கே கட்டாயக் கருத்தடையும் குடிசை இடிப்பும் வீட்டுக்குள் வந்து ஆளை இழுத்த மாதிரி தெற்கில் நடக்கவில்லை, அதனால் அந்தக் கோபமும் அங்கே இல்லை. நாங்கள் இங்கே இருந்ததால் இங்கே இருந்தவர்களின் பயத்தில் எங்களுக்கும் பங்கு இருந்தது. ஊரார் வேறு மாதிரி போட்டதைத் தப்பு என்று அப்பா சொல்லவில்லை. "அவங்க பார்த்தது வேற" என்று மட்டும் சொன்னார்.

தமிழர் எம்.பி. உண்டு. மயிலாப்பூரில் பிறந்த சுப்பிரமணியன் சுவாமி 1977-இலும் 1980-இலும் வடகிழக்கு மும்பையில் ஜெயித்தார். சட்டமன்றத்தில் சயான் கோலிவாடாவிலிருந்து கேப்டன் தமிழ்ச்செல்வன் 2014 முதல் இருக்கிறார். தமிழர் என்பதற்காக மட்டும் யாருக்கும் போடச் சொல்ல மாட்டேன். ஆனால் நம்மிலிருந்து ஒருவர் நிற்கிற அளவுக்கு நாம் பட்டியலில் இருக்க வேண்டும்.

* * *

கேள்வி: மகன் பெங்களூரில் இருக்கிறான். அங்கேயும் பா.ஜ.க.தான் என்கிறான். கர்நாடகத்தில் காங்கிரஸ் ஆட்சிதானே?
(ஒரு தாய், செம்பூர்)

சட்டமன்றத்துக்கு ஒரு மாதிரி, மக்களவைக்கு ஒரு மாதிரி போடுவது அங்கே பழக்கம். 2023-இல் சட்டமன்றத்தில் காங்கிரஸ் 135. ஒரே வருஷத்தில் மக்களவையில் 28-இல் 9 மட்டும். பா.ஜ.க.வுக்கு 17, மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கு 2. ஆனாலும் காங்கிரஸுக்கு 2019-இல் இருந்தது ஒன்றுதான் என்பதை மறக்கக் கூடாது. பெங்களூருக்குள் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கும் சிவாஜிநகர் பகுதி மத்தியத் தொகுதியில் வருகிறது. அங்கே பா.ஜ.க.வின் பி.சி. மோகன் 32,707-இல் தப்பித்தார். மகாதேவபுரா என்ற ஒரு சட்டமன்றப் பகுதி மட்டும் அவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் முன்னிலை கொடுத்தது. மற்றதைச் சேர்த்தால் அவர் பின்னால்தான். உங்கள் மகன் எந்தப் பகுதியில் இருக்கிறான் என்று கேளுங்கள்.

* * *

கேள்வி: ஜனத்தொகையை வைத்துத் தொகுதிகளை மறுபடி பிரித்தால் தமிழ்நாட்டின் 39 குறையுமா?
(கல்லூரி மாணவி, வடாலா)

குறையலாம் என்ற கவலைக்குக் காரணம் இருக்கிறது கண்ணு. 1962-இல் 41 ஆக இருந்ததுதான் 1967-இல் 39 ஆயிற்று. 1976-இல் 42-ஆவது திருத்தம் இந்தக் கணக்கை நிறுத்தி வைத்தது, பிள்ளை பெறுவதைக் குறைத்த மாநிலம் அதற்காக இடத்தை இழக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். 2001-இல் வந்த 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புவரை நீட்டியது. அதற்குப் பின் என்ன என்பதை இப்போது போயிருக்கிற நாடாளுமன்றமும் அடுத்ததும் முடிவு செய்யும். முதல் கேள்வி கேட்ட தம்பிக்கும் இது பதில். அந்த நாற்பது பேருக்கு வேலை காத்திருக்கிறது.

* * *

கேள்வி: எங்கள் சாலில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்று முன்னாள் நகர்சேவக்கின் (மாநகராட்சி உறுப்பினரின்) ஆள் எண்ணோடு வந்து சொல்கிறான். "தண்ணி கேட்டு வருவீங்கல்ல, அப்ப பேசிக்கறேன்" என்கிறான். ரகசிய ஓட்டு என்றார்களே டீச்சர், அவனுக்கு எப்படித் தெரிந்தது?
(பேர் வேண்டாம் என்று எழுதிய ஒரு வாசகி)

மா, முதலில் ஒன்று. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவனிடம் இருப்பது சாவடியின் மொத்தக் கணக்கு மட்டும். எண்ணும்போது ஏஜென்ட்டுகள் இயந்திரம் இயந்திரமாக எழுதுவார்கள் என்று மேலே சொன்னேனே, அதுதான். தேர்தல் அதிகாரியும் படிவம் 20 என்று சாவடிவாரியாக வெளியிடுகிறார். ஒரு சாவடியில் ஆயிரம், ஆயிரத்து முந்நூறு பேர் இருப்பார்கள். உங்கள் சாலும் பக்கத்துச் சாலும் சேர்ந்தால் அந்தச் சாவடி ஆகிவிடுகிறது. அதனால் மொத்தமாக ஒரு ஜனத்தையே பார்த்து விரல் நீட்ட முடிகிறது.

சீட்டு ஓட்டுக் காலத்தில் இப்படி இல்லை. பல சாவடிப் பெட்டிகளைத் திறந்து, சீட்டுகளைப் பெரிய டிரம்மில் கொட்டிக் கலந்து, அப்புறம்தான் கட்டுக் கட்டாக எண்ணுவோம். என் கையாலேயே கலந்திருக்கிறேன். எந்தத் தெரு எப்படிப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. இயந்திரம் வந்ததும் அந்தக் கலப்பு போய்விட்டது. பல இயந்திரங்களின் எண்ணைச் சேர்த்து ஒரே மொத்தமாகக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இலேயே கேட்டது. சட்ட ஆணையமும் 2015-இல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்றுவரை வரவில்லை. ஏழை ஜனங்கள் வாழும் சாலுக்கும் ஜோப்படபட்டி என்கிற குடிசைப் பகுதிக்கும்தான் அது மிகவும் தேவை. மாடிக் கட்டடத்துக்காரரிடம் யாரும் போய்த் தண்ணியை நிறுத்துவேன் என்று சொல்வதில்லை.

அவன் சொன்னதைத் தேதி, நேரம் போட்டு எழுதி வையுங்கள். கேட்டவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போடட்டும். அவன் முன்னாள் நகர்சேவக்கின் ஆள். 2022 மார்ச்சிலிருந்து இந்த 2024 தேர்தல் சமயம்வரை மும்பை மாநகராட்சியில் நகர்சேவக்கே இல்லை, நிர்வாகிதான் நடத்தினார். தண்ணீர் இணைப்பு மாநகராட்சியுடையது, உங்கள் சால் பில் கட்டுகிறது. தண்ணீர் நின்றால் அவனிடம் போக வேண்டாம், நேரே வார்டு ஆபீஸில் எழுதிக் கொடுத்து நம்பர் வாங்குங்கள். மிரட்டினால் அந்தத் தாளோடு போலீஸுக்குப் போகலாம். கடிதம் மராத்தியில் இருந்தால் சீக்கிரம் நகரும். நான் எழுதித் தருகிறேன். உங்கள் சாலின் பேரை இங்கே அச்சிடவில்லை, பயப்பட வேண்டாம். போன மாத தண்ணீர் பில்லையும் கையெழுத்துப் போடுகிற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள்.